ஊருக்குச் சகுனம் சொன்ன பல்லி: எங்கள் ஏஜென்சியின் தளத்தை நாங்களே புதுப்பித்த அனுபவம்

வெப்சைட் செய்து கொடுக்கிற ஒரு சின்ன ஏஜென்சியின் சொந்த வெப்சைட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே நிலைமைதான். அடியில் காப்பிரைட் வருஷம் பழசாக இருக்கும். கடைசிப் பதிவு ஏதோ ஒரு தீபாவளி வாழ்த்தோடு நின்றிருக்கும். 'எங்கள் குழு' பக்கத்தில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்குப் போய்விட்டிருப்பார்கள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுந்த கதை.

கோவை பீளமேட்டில் இருக்கிற எங்கள் ஏஜென்சியும் விதிவிலக்கு இல்லை. பம்ப்செட் கம்பெனிகள், வெட் கிரைண்டர் தயாரிப்பாளர்கள், ஃபவுண்டரிகள், திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்கள் என்று இந்தப் பகுதித் தொழில்காரர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களிடம் "உங்க சைட் போன்ல திறக்க ரொம்ப நேரம் ஆகுதுங்க" என்று சொல்லித்தான் வேலை பிடிப்போம். எங்கள் தளமோ விலைக்கு வாங்கிய ஒரு வேர்ட்பிரஸ் தீம் (ரெடிமேட் தள வடிவம்), அதன் மேல் ஒரு பேஜ் பில்டர் (இழுத்து வைத்துப் பக்கம் கட்டும் கருவி), அதன் மேல் ஐந்து படங்கள் சுழலும் ஸ்லைடர். முதல் படத்தில் கோட் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இதை மாற்ற முன்பும் முயன்றிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் அழகான முகப்புப் பக்கம் ஒன்று பிறக்கும். எல்லோரும் பார்த்து சந்தோஷப்படுவோம். மறு வாரம் ஒரு வாடிக்கையாளர் வேலை அவசரம் என்று வந்து நிற்கும், ஃபைல் அப்படியே தூங்கிவிடும். இதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் வேலை என்றால் அட்வான்ஸ் வாங்கியிருப்போம், தேதி சொல்லியிருப்போம், போன் போட்டு விரட்ட ஒரு ஆள் இருப்பார். சொந்தத் தளத்துக்கு இந்த மூன்றுமே கிடையாது. போதாததற்கு, வாடிக்கையாளர் வேலையில் பட்ஜெட் தீர்ந்ததும் வேலையும் முடிந்துவிடும். நம் தளத்தில் 'இது போதும்' என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. மெருகேற்றிக்கொண்டே போகலாம், வெளியே விடாமலே.

அதனால் இந்த முறை தொடங்குவதற்கு முன்பே ஒரு ஏற்பாடு செய்தோம். எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் அக்காதான் இந்த வேலைக்கு வாடிக்கையாளர் இடத்தில் இருப்பவர். முதலாளிக்கு அந்த இடம் இல்லை. மற்ற வேலைகளுக்குப் போடுவது போலவே, வேலைகளைக் கண்காணிக்கும் போர்டில் ஒரு வரிசை, செலவாகும் மணிநேரத்துக்குக் கணக்கு, பக்கங்களுக்கு ஒரு வரம்பு. புதுசாக யாருக்கு என்ன யோசனை வந்தாலும் அதை 'அடுத்த ரவுண்டு' என்ற பட்டியலில் எழுதி வைக்கலாம், இந்த ரவுண்டில் சேர்க்க முடியாது. ஒப்புதல் கொடுக்கிற உரிமை அக்கா ஒருவருக்கு மட்டும்.

முதல் டிசைன் மீட்டிங்கிலேயே இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. "லோகோவைக் கொஞ்சம் பெருசு பண்ணலாமில்ல? அப்புறம் மேல ஒரு ஸ்லைடர்..." என்று ஆரம்பித்தார் முதலாளி.

"அண்ணா, போன மாசம் கிரைண்டர்காரர் இதையேதான் கேட்டாரு. நீங்க அவருக்கு என்ன பதில் சொன்னீங்க?" என்றார் அக்கா.

அவர் சிரித்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார். உங்கள் ஏஜென்சியிலும் இந்த வேலையை எடுக்கப் போகிறீர்கள் என்றால், கோடு (நிரல்) எழுதுவதற்கு முன் இந்த ஒரு ஆளை முதலில் நியமியுங்கள். டெவலப்பராகவோ முதலாளியாகவோ அவர் இருக்கக் கூடாது. வாடிக்கையாளர்களோடு தினமும் போனில் பேசுகிறவராக இருந்தால் நல்லது.

அடுத்தது எழுத்து. தளத்தில் என்ன எழுதுவது என்பதில் நாங்கள் மாட்டிக்கொண்ட அளவுக்குத் தொழில்நுட்பத்தில் எங்குமே மாட்டவில்லை. 'புதுமையான டிஜிட்டல் தீர்வுகளை வழங்குகிறோம்' என்று பழைய தளத்தில் இருந்தது. அந்த வரியை ஊரில் இருக்கிற எந்த ஏஜென்சியின் பெயருக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். புது வரி எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் அதே மாதிரிதான் வந்தது.

அக்கா ஒரு வழி சொன்னார். அலுவலக வாட்ஸ்அப்பையும் விசாரணை மெயில்களையும் திறந்து, வேலை கொடுப்பதற்கு முன் ஆட்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளை மட்டும் ஒரு ஷீட்டில் அப்படியே நகல் எடுத்தோம். புதுமையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் வேறு. எவ்வளவு ஆகும்? எத்தனை வாரத்தில் தருவீர்கள்? ஃபோட்டோ நாங்கள் தரணுமா, நீங்களே வந்து எடுப்பீர்களா? டொமைன் (வெப்சைட் முகவரி) யார் பேரில் இருக்கும்? பழைய வெப்சைட் செய்தவர் பாஸ்வேர்டு தர மாட்டேன் என்கிறார், என்ன பண்ணலாம்? அடுத்த வருஷம் ஹோஸ்டிங்குக்கு (தளத்தை சர்வரில் வைப்பதற்கு) எவ்வளவு கட்டணும்? புது மாடல் வந்தால் நாங்களே ஏற்றிக்கொள்ள முடியுமா?

இந்த ஷீட்தான் தளத்தின் எலும்புக்கூடு ஆனது. டொமைன் கேள்விக்கு ஒரு தனிப் பகுதியே கொடுத்தோம்: டொமைன் வாடிக்கையாளரின் பெயரில், அவருடைய மெயில் முகவரியில்தான் பதிவாகும், எங்களுக்கு அணுகும் அனுமதி மட்டும் போதும். இந்த ஊரில் டொமைனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுகிறவர்களிடம் மாட்டிய தொழிலதிபர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்த ஒரு பத்தி எங்கள் டிசைன் விருதுகளைவிடப் பெரிய விஷயம். (விருது எதுவும் இல்லை, அது வேறு.)

விலையைப் போடுவதா வேண்டாமா என்பதில் பெரிய வாக்குவாதம். போட்டால் போட்டி ஏஜென்சிகள் பார்த்துவிடுவார்கள் என்றது ஒரு தரப்பு. அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்றது இன்னொரு தரப்பு. கடைசியில் தொடக்க விலையையும், விலை எதனால் கூடும் என்பதையும் எழுதினோம்: தயாரிப்புகளின் எண்ணிக்கை, இரண்டாவது மொழி, ஃபோட்டோ எடுப்பது, ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி. விலை ஏன் கூடுகிறது என்று விளக்கினால் பேரம் பேசுவதே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. "குறைச்சுக் கொடுங்க" என்று கேட்டவர்கள் இப்போது "தமிழ்ப் பக்கத்தை அப்புறம் பண்ணிக்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

செய்த வேலைகளைக் காட்டும் பக்கத்தில் ஒரு சிக்கல் எதிர்பார்த்ததுதான். எங்களுடைய நல்ல வேலைகளில் கணிசமானவை வெளிநாட்டு ஏஜென்சிகளுக்காக அவர்கள் பெயரில் செய்து கொடுத்தவை. ஒப்பந்தப்படி அவற்றை வெளியில் சொல்லக் கூடாது. மிச்சம் இருந்தவற்றில் அனுமதி கேட்டு எழுதினோம், பதில் வரவே நாளானது. இதற்கு ஒரே மருந்து, இனி போடும் ஒப்பந்தங்களிலேயே 'இந்த வேலையை எங்கள் தளத்தில் காட்டலாம்' என்ற ஒரு வரியைச் சேர்ப்பது. அதையும் சேர்த்துவிட்டோம்.

சரி, கோடுக்கு வருவோம்.

ஃப்ரன்ட்எண்ட் (திரையில் தெரியும் பகுதி) ஆளாக எனக்கு ஆசை நிறைய இருந்தது. தளம் கட்ட நெக்ஸ்ட் ஜேஎஸ், எழுதியதைச் சேமிக்கத் தனியாக ஒரு ஹெட்லெஸ் சிஎம்எஸ், முகப்பில் திரீ ஜேஎஸ் வைத்துச் சுழலும் ஒரு முப்பரிமாண பம்ப். வாடிக்கையாளர் வேலையில் செய்ய முடியாததை எல்லாம் சொந்தத் தளத்தில் செய்து பார்க்கலாம் என்ற நினைப்பு எந்த டெவலப்பருக்கும் வரும். அதற்கு நியாயமும் உண்டு, கற்றுக்கொள்ள ஒரு இடம் வேண்டும். ஆனால் அந்த இடம் தனியாக ஒரு சோதனைத் தளமாக இருக்கட்டும். ஏஜென்சியின் தளத்தை நாளைக்கு நான் லீவில் இருக்கும்போது வேறு ஒருவர் திருத்த வேண்டும்.

பக்கங்களைக் கோப்புகளாகக் கட்டித் தரும் ஆஸ்ட்ரோ என்ற கருவியைத் தேர்ந்தெடுத்தோம். நாமாகக் கேட்டால் ஒழிய உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தில் இயங்கும் நிரல்) அனுப்பாது என்பதுதான் முதல் காரணம். எங்கள் தளம் பெரும்பாலும் படிக்கிற பக்கங்கள், லாகின் இல்லை, கூடை இல்லை. கோப்புகளாகக் கட்டி ஹோஸ்டிங்கில் வைத்துவிட்டால் பிளகின் (கூடுதல் வசதி தரும் செருகி) அப்டேட், டேட்டாபேஸ் என்ற தொல்லைகளும் இல்லை. எழுதுகிறவர்கள் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் முறை) கோப்பில் நேரடியாகக் கை வைக்கத் தயங்கினார்கள், அதனால் கோப்பு மாற்றங்களைப் பதிவு வைக்கும் 'கிட்' கருவியோடு இணைந்து வேலை செய்யும் ஒரு எளிய எடிட்டரை மேலே வைத்தோம். வேர்ட்பிரஸ் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தினமும் பத்துப் பேர் உள்ளே வந்து எழுதும் தளமாக இருந்தால் வேர்ட்பிரஸிலேயே ஒரு மெல்லிய தீம் எழுதியிருப்பேன்.

பழைய தளத்தில் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகமும் அதைச் சுற்றிய பிளகின்களும் செய்த வேலையில் பெரும்பகுதியை இப்போது உலாவியே செய்கிறது என்பதை இந்த வேலையில்தான் முழுசாக உணர்ந்தேன். கேள்வி பதில் பகுதி விரிவதற்கு டீடெய்ல்ஸ், சம்மரி ஆகிய இரண்டு எச்டிஎம்எல் (பக்கத்தின் அமைப்பை எழுதும் மொழி) குறிகள் போதும். படத்தைப் பெரிதாகக் காட்ட டயலாக் என்ற குறி. பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும் படவரிசைக்கு, தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் ஸ்க்ரோல் ஸ்னாப். 'ஹேஸ்' என்ற சிஎஸ்எஸ் தேர்வி (எந்த உறுப்புக்கு அந்தத் தோற்றம் என்று சொல்வது) 2023 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்ததோடு எல்லா முக்கிய உலாவிகளிலும் வேலை செய்கிறது, ஃபார்மில் எது தேர்வாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து மற்றதைக் காட்ட, மறைக்க அது உதவியது. அந்தப் பழைய வேலைகளில் மெனு பொத்தானுக்கும், டயலாக்கைத் திறப்பதற்கும், ஃபார்முக்கும் மட்டும் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் மிஞ்சியது.

படங்களில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பழைய தீம் எல்லாப் படங்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு லேஸி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போது மட்டும் படத்தை இறக்கும் முறை) போட்டிருந்தது, முகப்பின் பெரிய படத்துக்கும் சேர்த்து. பார்வையாளர் முதலில் பார்க்கும் படத்தையே தாமதமாக எடுத்து வா என்று உலாவிக்குச் சொல்வது அது. புதியதில் அந்த ஒரு படத்துக்கு லேஸி லோடிங்கை எடுத்துவிட்டு, முன்னுரிமை அதிகம் என்று ஃபெட்ச் ப்ரையாரிட்டி பண்பால் குறித்தோம். எல்லாப் படங்களுக்கும் அகலமும் உயரமும் எச்டிஎம்எல்-இல் எழுதினோம். அது இருந்தால் படம் வருவதற்கு முன்பே உலாவி இடம் ஒதுக்கிவிடும், படிக்கும்போது வரிகள் கீழே குதிக்காது.

இனி தமிழ்ப் பக்கங்கள். பார்க்கச் சின்ன வேலை மாதிரி தெரிந்தது, அதிக நேரம் தின்றது இதுதான்.

எங்கள் டிசைனர் தலைப்புகளுக்கு ஒரு அசைவு வைத்திருந்தார். ஒவ்வொரு எழுத்தாக மேலெழும்பி வரும். ஆங்கிலத்தில் அழகாக இருந்தது. தமிழ்ப் பக்கத்தில் 'கோவை' என்ற சொல் நான்கு துண்டாக வந்தது: க, அப்புறம் ஒரு புள்ளிவட்டத்தோடு ஓகாரக் குறி, வ, மறுபடி புள்ளிவட்டத்தோடு ஐகாரக் குறி. காரணம் எளிது. யூனிகோடில் (கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) இப்படிக் குறி ஏறிய உயிர்மெய் எழுத்து என்பது அகரமேறிய மெய்யும் உயிர்க் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரணப் பிரிப்பு அந்தக் குறியீடுகளைத்தான் எண்ணும், நாம் எழுத்து என்று நினைப்பதை எண்ணாது.

இதற்கு, நாம் எழுத்து என்று நினைப்பதைப் பிரித்துத் தரும் இன்டல் செக்மென்டர் (Intl.Segmenter) என்ற வசதி உலாவிகளிலேயே இருக்கிறது. குரோமில் 2020 முதல் உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. அதைப் போட்டதும் 'கோவை' ஒழுங்காக கோ, வை என்று இரண்டாகப் பிரிந்தது. ஆனால் அதுவும் முழுத் தீர்வு இல்லை. 'க்ஷ' வரும் இடத்தில் க், ஷ என்று தனித்தனியாகப் பிரித்துவிடும். பிரித்து ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் வைத்தால் கூட்டெழுத்து வடிவம் சிதைந்துவிடும். இதைக் காட்டியதும் டிசைனரே இறங்கி வந்தார். சொல் சொல்லாக எழும்பும்படி மாற்றினோம், இரண்டு மொழிக்கும் அதுவே. இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அசைவே வேண்டாம் என்று போனில் அமைத்திருப்பவர்களுக்கு அசைவை நிறுத்திவிட்டோம்.

வரி உயரம் அடுத்தது. ஆங்கிலத் தலைப்புக்கு டிசைனர் வைத்த, எழுத்தளவில் 1.1 மடங்கு என்ற வரி உயரத்தில் தமிழ் இரண்டு வரியாக விழுந்தால், மேல்வரி 'சு', 'ழு'வின் வாலும் கீழ்வரி 'டி', 'ணி'யின் கொம்பும் மோதிக்கொள்ளும். தலைப்புக்கு 1.4 அளவிலும், பத்தி எழுத்துக்கு 1.7 அளவிலும் வைத்த பிறகுதான் கண் ஓய்வாகப் படித்தது. பொத்தான்களும் அப்படியே. 'கான்டாக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்த பொத்தானில் 'தொடர்புகொள்ளுங்கள்' எப்படி நுழையும்? அகலத்தை பிக்சலில் கட்டிப் போடாமல் உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ப விரியவிட்டோம். சில இடங்களில் எழுத்தையே மாற்றினோம்: 'பேசலாம்' என்றால் சின்னதாகவும் இருக்கிறது, கோவைக்காரர்கள் பேசுகிற மாதிரியும் இருக்கிறது.

ஃபான்ட் விஷயத்தில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டினோம். தமிழ்ப் பத்தி எழுத்துக்கு வெப் ஃபான்டே (தளத்திலிருந்து இறங்கும் எழுத்துரு) அனுப்பவில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா யுஐ இருக்கிறது. இரண்டும் படிக்க நன்றாகவே இருக்கும். தலைப்புக்கு மட்டும் ஒரு தமிழ் ஃபான்டை எங்கள் சர்வரிலேயே வைத்து, யூனிகோட் ரேஞ்ச் (எந்த எழுத்துகளுக்கு இந்த ஃபான்ட் என்ற வரம்பு) கொடுத்து, தமிழ் எழுத்து வருகிற பக்கத்தில் மட்டும் இறங்கும்படி செய்தோம். ஃபான்ட் கோப்பைச் சுருக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில ஆன்லைன் கருவிகள் எழுத்து வடிவங்களை வைத்துக்கொண்டு, அவற்றைச் சேர்க்கும் விதிகளைத் தூக்கி எறிந்துவிடும். அப்புறம் 'கு' சேராமல் க தனியாகவும் உகரக் குறி தனியாகவும் நிற்கும். சுருக்கிய கோப்பில் கு, சு, டு, மு, று, னூ எல்லாம் வரும் ஒரு பத்தியைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

எங்கள் ஆரஞ்சு நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மேல் வெள்ளை எழுத்து போட்டால், அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடு கிடைக்கவில்லை. நிறத்தை மாற்ற முதலாளி ஒப்பவில்லை, பழனி முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டு வைத்த நிறமாம். எழுத்தைக் கறுப்பாக்கினோம், முடிந்தது.

வேகத்தை அளப்பதில் ஒரு யதார்த்தம் உண்டு. கூகுள் சொல்லும் இலக்குகள் தெரிந்தவைதான்: திரையின் மிகப் பெரிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் பதில் வேண்டும், வரிகள் குதிக்கும் அளவைக் காட்டும் எண் 0.1-க்குள் இருக்க வேண்டும். இரண்டாவதாகச் சொன்ன அளவு (ஐஎன்பி) 2024 மார்ச்சில்தான், முதல் தொடுதலின் தாமதத்தை மட்டும் அளந்த பழைய எஃப்ஐடி-யின் இடத்துக்கு வந்தது. ஆனால் கூகுள் இதையெல்லாம் உண்மையான குரோம் பயனர்களிடமிருந்து சேகரிக்கிறது. எங்களைப் போன்ற சின்ன ஏஜென்சிக்கு வருகிற கூட்டத்துக்கு கூகுளின் சர்ச் கன்சோல் அறிக்கை 'போதிய தரவு இல்லை' என்றுதான் காட்டும். லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவியில் 100 வாங்கி ஸ்கிரீன்ஷாட் போடலாம், அது ஆய்வகக் கணக்கு. நாங்கள் வெப் வைட்டல்ஸ் என்ற சின்ன நூலகத்தை வைத்து வருகிறவர்களின் அளவுகளை நாங்களே சேகரிக்கிறோம். அது போக, அலுவலகத்தில் விலை குறைந்த ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று திறந்து பார்ப்பது எந்த ரிப்போர்ட்டையும்விட நன்றாகச் சொல்லும்.

வெளியிடும் நாளுக்கு முன் பழைய முகவரிகளைப் பட்டியல் எடுத்தோம். சர்ச் கன்சோலிலிருந்தும் சர்வர் லாகிலிருந்தும் கிடைத்தவை போக, அச்சில் இருப்பவையும் உண்டு. கொடிசியா கண்காட்சிக்கு அடித்த பேனரில் ஒரு கியூஆர் கோடு, விசிட்டிங் கார்டில் ஒரு பிரவுச்சர் லிங்க். எல்லாவற்றுக்கும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரியை நிரந்தரமாகப் புதியதற்குத் திருப்புவது), அதுவும் பொருத்தமான பக்கத்துக்கு. எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் வந்தவர் குழம்புவார், கூகுளும் அதை ஏற்காது.

டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் நேம்சர்வரைத் தொடவில்லை, தளம் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றினோம். நேம்சர்வரை மாற்றும்போது, மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை அங்கே சேர்க்க விட்டுப்போனால் தளம் வந்துவிடும், மெயில் நின்றுவிடும். தேடுபொறிகளுக்குக் காட்டாதே என்று சோதனைத் தளத்தில் போட்டிருந்த குறிப்பை நேரடித் தளத்தில் எடுத்தாயிற்றா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். தேதி செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் வெளியிடுவதில்லை என்பது வாடிக்கையாளர் வேலைகளில் எங்களுடைய பழைய வழக்கம்.

ஃபார்ம் மெயில்கள் ஸ்பேமுக்குப் போவது பலருக்கும் தீராத தலைவலி. அனுப்புநர் இடத்தில், ஃபார்மை நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியைப் போட்டு உங்கள் சர்வரிலிருந்து அனுப்பினால், டிமார்க் (அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும்) சோதனையில் அது போலி மெயில்போலத்தான் தெரியும். அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியையும், பதில் போக வேண்டிய இடத்தில் ஃபார்மை நிரப்பியவரின் முகவரியையும் வையுங்கள், மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் அமையுங்கள். இவ்வளவு செய்த பிறகும் எங்களுக்கு விசாரணைகள் பெரும்பாலும் வாட்ஸ்அப் பொத்தான் வழியாகத்தான் வருகின்றன என்பது வேறு கதை. அதில் தட்டியதும் 'உங்கள் தளத்தில் விலைப் பக்கம் பார்த்தேன்' என்று செய்தி தயாராக நிற்கும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது நமக்கும் தெரிந்துவிடும்.

தளம் வெளிவந்த பிறகும் போர்டில் அந்த வரிசையை அழிக்கவில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் அக்கா அதைத் திறந்து, வந்த புதுக் கேள்விகளை ஷீட்டில் சேர்க்கிறார், இரண்டு மூன்று தடவை ஒரே கேள்வி வந்தால் எனக்கு ஒரு வேலை வருகிறது. இப்போது நிலுவையில் இருப்பது, பழைய வெப்சைட்காரரிடமிருந்து டொமைனை மீட்பது எப்படி என்ற தனிப் பக்கம். ஸ்லைடர் 'அடுத்த ரவுண்டு' பட்டியலில் முதலாளியின் பெயரோடு இருக்கிறது.